மூணு சிலிண்டர் எஞ்சினும் கோவை கரிவரதனும்



இந்த மாதச் சுவரிதழில் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டிய முறை என்னுடையது. யாரைப் பத்தி எழுதப் போறேன்னு கேட்டவங்க எல்லாரும் ஒரு விஞ்ஞானி பேரையோ கவிஞர் பேரையோ எதிர்பார்த்தாங்க. நான் எடுத்திருப்பது ஒரு ரேஸ் கார்க்காரரை. பேர் எஸ். கரிவரதன். ஊர் கோயம்புத்தூர். 1954-இல் பிறந்தவர், 1995-இல் இறந்துபோனவர். கார் ரேஸ் பார்க்கிறவங்க மத்தியில் ரொம்பப் பிரபலம். கரி என்று சுருக்கமாகச் சொன்னாலே போதும், யாரென்று புரிந்துகொள்வார்கள். கடலை ஒட்டி இருக்கிற நம்ம கருக்களாச்சேரியில் இவரைத் தெரிஞ்சவங்க குறைவு. எனக்கும் போன கோடை விடுமுறை வரைக்கும் தெரியாது.

லீவில் காரைக்காலில் எங்க மாமாவோட பட்டறையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறது, டீ வாங்கி வர்றது, இதுதான் என் வேலை. ஒரு நாள் பழைய மாருதி 800 கார் ஒன்று வேலைக்கு வந்தது. எஞ்சினைக் கழற்ற வேண்டியதாப் போச்சு. மாமா செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினார். வெளியே வந்ததைப் பார்த்து நான் அசந்துட்டேன். அவ்வளவு சின்னது! எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே மூட்டை மாதிரி தொங்குச்சு. மூணே மூணு சிலிண்டர். 796 சி.சி. இவ்வளவுதானா, இதைவிட நம்ம ஊர் போட் எஞ்சினே பெரிசா தெரியுதேன்னு சிரிச்சேன். மாமா சிரிக்கலை. இந்த எஞ்சினை வச்சுத்தான் நம்ம நாட்டு ஃபார்முலா ஒன் டிரைவருங்க ரெண்டு பேரும் ரேஸ் ஓட்டவே கத்துக்கிட்டாங்கன்னு சொன்னார். அங்கேதான் கரிவரதன் பேரை முதன்முதலா கேட்டேன். மாமா கோயம்புத்தூரில் சில வருஷம் பட்டறை வேலை பார்த்தவர். அதனால் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் நானாகவும் தேடித் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரிவரதன் பிறந்தது பெரிய குடும்பத்தில். அவருடைய தாத்தா ஜி. குப்புசாமி நாயுடு, 1910-இல் கோயம்புத்தூரில் லட்சுமி மில்ஸைத் தொடங்கியவர். அப்பா ஜி.கே. சுந்தரமும் தொழிலதிபர். கோயம்புத்தூர் என்றால் பஞ்சாலை, மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் என்று நமக்குத் தெரியும். அங்கே தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கும்னு மாமா சொல்வார். ஒரு சாமானைப் பார்த்தால், இதை நாமளே செஞ்சா என்னன்னு யோசிக்கிற ஊர் அது. கரிவரதனும் அந்த ஊர் ஆள்தான். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, மில் நிர்வாகத்திலும் இருந்தார். ஆனால் அவர் மனசு முழுக்க எஞ்சின் சத்தத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கார் ரேஸ் எப்படி நடந்தது தெரியுமா? ரேஸுக்கென்று தனி மைதானம் எதுவும் சென்னையில் கிடையாது. சென்னைக்கு வடக்கே சோழவரம் என்ற ஊரில், இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமானம் இறங்குவதற்குப் போட்ட ஓடுபாதை ஒன்று கிடந்தது. போர் முடிஞ்சதும் அது சும்மா கிடந்ததால் அதிலேயே ரேஸ் விட்டார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. வருஷா வருஷம் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்ப்பார்களாம். கரிவரதன் அங்கே வண்டி ஓட்டிப் பேர் வாங்கியவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். அன்றைக்கு ரோட்டில் ஓடிய கார்கள் அம்பாசடர், பியட் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். நிஜமான ஒற்றை இருக்கை ரேஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதற்கு அனுமதி வாங்கணும், வரி கட்டணும், உடைஞ்சா உதிரிபாகத்துக்கும் வெளிநாட்டைத்தான் பார்க்கணும். ஆக, பெரிய பணக்காரர்கள் நாலு பேர் மட்டும் விளையாடுகிற விளையாட்டாக அது இருந்தது. கரிவரதனும் அந்த நாலு பேரில் ஒருத்தராகவே காலத்தைக் கழிச்சிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கி, அப்பா அம்மா பிள்ளைங்களோட கோயிலுக்குப் போக வச்சிருந்த வண்டி. அதைப் பார்த்து ஒரு ரேஸ் காரை நினைச்சவர் கரிவரதன். அந்த எஞ்சின் லேசானது. நாட்டின் எந்த மூலையிலும் உதிரிபாகம் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டிடுவார். விலையும் குறைவு.

காரில் அது முன்னால் இருந்து முன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மூட்டைன்னு மேலே சொன்னேன் இல்லையா? அதை அப்படியே தூக்கி ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அது பின் சக்கரத்தைச் சுழற்றும்! ஃபார்முலா ஒன் காரிலும் எஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரும்புக் குழாய்களை வெல்டிங் பண்ணி ஒரு கூடு, மேலே ஃபைபர் உடம்பு, ஒரே ஒரு இருக்கை, நாலு சக்கரமும் வெளியே தெரியும்படி. கதவு இல்லை, கூரை இல்லை, பின் சீட்டு இல்லை. அதனால் எடை குறைஞ்சு போச்சு. 40 குதிரைத்திறன்கூடத் தொடாத அந்தக் குடும்ப எஞ்சின், தரையோடு தரையாக ஒட்டிப் பறந்தது. 1980-களின் கடைசியில் வந்த அந்த வண்டிக்குப் பேர் ஃபார்முலா மாருதி.

ஃபார்முலா என்றால் இங்கே கணக்குப் பாடத்துச் சூத்திரம் இல்லை. விதிமுறை என்று அர்த்தம். இன்ன எஞ்சின், இன்ன அளவு, இன்ன எடை என்று எல்லாருக்கும் ஒரே விதி. அதனால் எவன்கிட்ட காசு அதிகம் என்கிற பேச்சு குறையும். எவன் நல்லா ஓட்டுறான் என்பது வெளியே தெரியும். எனக்குப் பிடிச்சது இந்த இடம்தான். தான் ஜெயிக்கிறதுக்காக ஒருத்தர் ஒரு வண்டி கட்டினால் அது அவரோட போயிடும். இவர் மத்தவங்க ஓட்டுவதற்காக ஒரே மாதிரி வண்டிகள் வர வழி செய்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம கரைதான் ஞாபகம் வந்தது. நம்ம தாத்தாக்கள் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டுப் போனாங்க. அப்புறம் ஃபைபர் போட் வந்தது, அதுக்குப் பின்னால் சின்ன டீசல் எஞ்சினும் நீளக் குழாயும் மாட்டினாங்க. நம்ம அப்பாமார் எல்லாம் இப்போ அதில்தான் போறாங்க. ஃபைபர் உடம்பு, சின்ன எஞ்சின். கரிவரதன் செய்ததும் அதே வேலைதான், தரையில்!

1990-இல் சோழவரத்துக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் பாதை வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர். ஃபார்முலா மாருதி வண்டிகள் அங்கே சீறிக்கொண்டு ஓடின. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்ற பையன் தன் வாழ்க்கையின் முதல் ரேஸை அந்த வண்டியில்தான் ஓட்டினான், முதல் ரேஸிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டான். 1977-இல் பிறந்தவன் என்றால் அப்போது நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன்மார் வயசுதான் இருக்கும்! நரேனுடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ஏழு முறை தென்னிந்திய ராலி ஜெயிச்சவர். அதனால் வீட்டிலேயே வண்டி வாசனை உண்டு. பிறகு நரேன் பிரான்ஸில் ரேஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய், 1993-இல் திரும்பி வந்து மறுபடி ஃபார்முலா மாருதி ஓட்டி, அதே வருஷம் இங்கிலாந்திலும் ஓட்டப் போனார்.

கரிவரதனுக்கு எஞ்சின் மட்டுமில்லை, ஆகாயமும் பிடிக்கும். 1995-இல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். வயசு 41 தான். இத்தனை வேகமான கார்களை ஓட்டியவருக்கு ரேஸ் பாதையில் சாவு வரவில்லை. இந்த வரியை எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. ஏன்னா அவர் போட்ட விதை அப்போது மண்ணுக்கு மேலே முளையாகத்தான் இருந்தது. அடுத்த வருஷமே, 1996-இல், நரேன் ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆனார். 2001-இல் இங்கிலாந்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனார். எதையும் கரிவரதன் பார்க்கவில்லை.

இப்போ 2005-ஆம் வருஷத்துக்கு வருவோம்.

அந்த வருஷத்தை நம்ம ஊரில் பெரியவங்க யாரும் மறக்க மாட்டாங்க. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. எங்க மாமாவுக்கு அப்போ 14 வயசு. தாத்தாவோட கட்டுமரமும் வலையும் போயிடுச்சு. தகரக் கொட்டகையில் தங்கியிருந்தாங்களாம். பள்ளிக்கூடம் போக மனசில்லாமல் மாமா டீக்கடையில் போய்ப் பேப்பர் பார்ப்பாராம். 2005 மார்ச் மாதம் ஒரு நாள் பேப்பரில் மஞ்சள் கலர் ரேஸ் கார் படம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் நடந்த ரேஸில், ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய முதல் இந்தியர் என்று நரேன் கார்த்திகேயன் பேர். தமிழ் ஆள்! தகுதிச் சுற்றில் 12-ஆவது இடம், ரேஸ் முடிவில் 15-ஆவது இடம். ஜெயிச்சது வேற யாரோ. ஆனா மாமாவுக்கு அந்த 15-ஆவது இடம்தான் கண்ணுல பட்டுதாம்.

அந்த வருஷத்துப் போட்டிகளைப் பத்திக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். மொத்தம் 19 ரேஸ். அதுக்கு முந்தைய ஐந்து வருஷமும் ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர்தான் சாம்பியன். அவரை இறக்கிவிட்டு 24 வயசு ஸ்பெயின்காரர் ஃபெர்னாண்டோ அலான்ஸோ ரெனால்ட் காரில் பட்டம் வாங்கினார். எல்லாருடைய வண்டியிலும் 3000 சி.சி., பத்து சிலிண்டர் எஞ்சின். சுமார் 900 குதிரைத்திறன். நரேன் ஓட்டியது ஜோர்டான் என்ற அணிக்கு. வரிசையில் பின்னால் ஓடுகிற, காசு குறைந்த அணி. எஞ்சின் டொயோட்டா, டயர் பிரிட்ஜ்ஸ்டோன்.

டயரைக் குறிப்பா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அந்த வருஷம் ஒரு புது விதி. தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான், நடுவில் மாற்றக் கூடாது. ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் ரேஸ். அங்கே கடைசி வளைவு சரிவாகச் சாய்ந்திருக்கும், அதில் கார் முழு வேகத்தில் போகும். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஷூமாக்கருடைய தம்பி ரால்ஃபின் டொயோட்டா காரில் பின் டயர் அந்த வளைவில் போய், வண்டி சுவரில் மோதியது. அவர் போட்டிருந்தது மிஷலின் டயர். எங்க டயர் இந்த வளைவில் முழு ரேஸையும் தாங்கும் என்று உறுதி தர முடியாது என மிஷலின் கம்பெனி சொல்லிவிட்டது. பாதையை மாற்றலாமா, விதியைத் தளர்த்தலாமா என்று பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் சுற்றி வந்தன. ரேஸ் தொடங்குவதற்கு முன்னால் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் திரும்பி உள்ளே போய்விட்டன! மிச்சம் ஆறே ஆறு கார். கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில்களை வீசியது. அந்த ஆறு பேரில் மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிக்கெல்லோ இரண்டாமிடம், மொன்டேரோ மூன்றாமிடம், நம்ம நரேன் நாலாமிடம். அதற்கு 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் புள்ளிகள் அவைதான்.

ஆறு காரில் நாலாவது வந்தது ஒரு பெருமையா என்று என் பெஞ்சில் உட்காருகிற நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். அந்த வருஷம் மத்த எந்த ரேஸிலும் நரேனுக்குப் புள்ளி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நான் அவனுக்குச் சொன்னது வேற. அந்த ஆறு காரில் ஒன்றில் உட்காருவதற்கே நரேன் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான்னு ஓட்டித் திரிஞ்சிருக்கார். முதல் படியில் கால் வைக்கவே இடமில்லாத நாட்டில் ஒருத்தர் மூணு சிலிண்டரில் ஒரு படி கட்டி வச்சார். அது இல்லாமல் நரேன் எங்கே தொடங்கியிருப்பார்? வேற வழி கண்டுபிடிச்சிருப்பாரோ என்னமோ. ஆனா நடந்தது இதுதான்.

இன்னொரு ஆளும் இருக்கார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2000-ஆம் வருஷம் இந்தியாவின் ஃபார்முலா மாருதி போட்டியில் 10 ரேஸில் 7 ரேஸ் ஜெயிச்சு சாம்பியன் ஆனவர். கரிவரதன் இறந்து அப்போது ஐந்து வருஷம் ஆகிவிட்டது, வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2010-இல் கருணும் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். இதுவரைக்கும் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் இந்த ரெண்டு பேர்தான். மாமா சொன்ன ரெண்டு பேர் இவங்கதான். பத்து சிலிண்டர், எட்டு சிலிண்டர்னு போன ரெண்டு பேருக்கும் ஆரம்பம் கோவிலுக்குப் போற காரின் எஞ்சின்!

கரிவரதன் பேரில் ஒரு ரேஸ் பாதை இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-இல் வந்தது, நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதைக் கட்டியவர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார். அந்த நிறுவனத்தின் பேரில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களும் தொடர்ந்து வந்தன. மாமா கோயம்புத்தூரில் இருந்தப்போ அங்கே ஒரு ரேஸ் பார்த்திருக்கார். வெயிலில் நின்னு பார்த்தது, சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது எல்லாம் கதை கதையா சொல்வார்.

நான் மாமாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். கரிவரதன் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, நரேன் வீட்டில் வசதி, கருணோட தாத்தாவே சென்னை ரேஸ் கிளப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். விலை குறைஞ்ச ரேஸ் கார்னு சொன்னாலும் நம்ம கரையிலிருந்து ஒருத்தன் அதை வாங்கி ஓட்ட முடியுமா? மாமா கொஞ்ச நேரம் பேசலை. முடியாதுடா, ஓட்ட முடியாதுன்னார். அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டே, ரேஸ் அன்னிக்கு ஒரு வண்டிக்கு ஓட்டுறவர் ஒருத்தர்தான், அதைப் பிரிச்சு மாட்டுறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தேன் என்றார். செட்டிபாளையத்தில் அவர் ரேஸைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாராம். கோயம்புத்தூர்ப் பையன்கள் அவர் வயசில், கையெல்லாம் கிரீஸோட, ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கிட்டு வேலை செஞ்சாங்களாம். மாமாவும் அந்த வேலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கார். அதுக்குள்ள தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்குத் திரும்பிட்டார். இதை இதுக்கு முன்னாடி அவர் யாருக்கும் சொன்னதில்லையாம், அம்மாவுக்கே தெரியாது. எழுதட்டுமான்னு கேட்டுத்தான் எழுதியிருக்கேன்.

(பெட்டிச் செய்தி: ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத தனிப் பாதையில்தான் ஓட்டுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் மெயின் ரோட்டில் மூணு பேராக பைக்கில் பறக்கிறவர்கள் இந்தக் கட்டுரையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். இதை எழுதச் சொன்னது எங்கள் வகுப்பு ஆசிரியர்.)

படம் வரைஞ்சு கொடுத்த நண்பனுக்கு நன்றி. ஒரு சார்ட் பேப்பரில் முடிச்சிடலாம்னு நினைச்சேன், ரெண்டு ஆயிடுச்சு. கீழே இருக்கிற கார் படத்தில் சக்கரம் கொஞ்சம் கோணலா இருக்கு, பொறுத்துக்கோங்க.

அந்த மாருதி 800-ஐ மறுபடி மாட்டி முடிக்க நாலு நாள் ஆச்சு. கடைசி போல்ட்டை என்னைத்தான் முடுக்கச் சொன்னார் மாமா. முதல் ரெண்டு தடவை சாவி திருப்பியும் எஞ்சின் இருமிட்டு நின்னுடுச்சு. மூணாவது தடவை பிடிச்சுக்கிச்சு. போன வாரம் ஸ்கூல் விட்டு வரும்போது அதே கார் நாகூர் ரோட்டில் போனதைப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு பாட்டியும் ரெண்டு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவன், கருக்களாச்சேரி